முகமூடிக்கு உதடு இல்லை

ஜனவரி 9

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுவது. உடம்புக்குக் குறையொன்றும் இல்லை, இடது தோள்பட்டை மட்டும் குளிரில் முனகுகிறது. உன் கழுத்துவலி எப்படி இருக்கிறது? நாள் முழுக்கத் திரையைப் பார்த்து வசனம் எழுதினால் கழுத்து என்னதான் செய்யும்?

விஷயத்துக்கு வருகிறேன். நீ தமிழில் டப்பிங் வசனம் எழுதும் தூணன் தொடரின் மூன்றாம் பகுதியைப் பார்த்தேன். எழுந்து போய் முகம் கழுவிவிட்டு வந்தும் ஆத்திரம் அடங்கவில்லை. நாற்பது மாடிக் கட்டடத்தில் லிப்ட் கயிறு அறுந்துவிடுகிறதாம், தூணன் ஒற்றைக் கையால் அந்தக் கயிற்றைப் பிடித்து பதினோரு பேரைக் காப்பாற்றுகிறானாம். பன்னிரண்டு வருடமாக லிப்ட் மெக்கானிக்காக இருக்கிறேன், சொல்கிறேன் கேள். கயிறு ஒன்று அல்ல, ஆறு. ஆறும் அறுந்தாலும் பெட்டிக்கு அடியில் இருக்கும் பிடிப்பான் இரண்டு பக்கத் தண்டவாளத்தையும் கவ்விக்கொள்ளும். சில அடிக்குள் பெட்டி நின்றுவிடும். அந்தப் பதினோரு பேரைக் காப்பாற்றியது பிடிப்பானை மாதாமாதம் சோதித்த எவனோ ஒரு மெக்கானிக். அவனுக்கு ஒரு நன்றி கிடையாது. இறுக்கிப் பிடித்த சட்டை போட்ட தடியனுக்குக் கைதட்டல். இனி இந்தத் தொடரைப் பார்ப்பதாக இல்லை.

நம் நிபந்தனையை மறந்திருக்க மாட்டாய். போனில் பேசினால் நீ வீட்டுப் பேச்சை ஆரம்பிப்பாய், நான் பாதியில் வெட்டிவிடுவேன், அதனால்தான் ஐந்து வருடமாகக் கடிதம். தொடர்கள், வரப்போகும் படங்கள், அதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். அந்த மனிதரைப் பற்றி ஒரு வரி வந்தாலும் கிழித்துவிடுவேன். ஆகஸ்டில் ஒரு தரம் மீறினாய். நான் என்ன செய்தேன் என்று உனக்கே தெரியும்.

உன் கழுத்தைப் பார்த்துக்கொள்.

தம்பி

*

ஜனவரி 22

அன்புள்ள வாண்டு,

உன் கடிதம் உறைக்குள்ளேயே சூடாக இருந்தது. என் கழுத்து இருந்த இடத்திலேயே இருக்கிறது. உன் தோளுக்கு ஒத்தடம் கொடு, கோபத்தைக் கொடுக்காதே.

தூணன் லிப்டைப் பிடித்தால் அதற்கு நானா பொறுப்பு? படம் எடுத்தவன் எவனோ, கயிறு வாங்கியவன் எவனோ. அந்தக் காட்சியில் நான் தமிழில் எழுதியது "விடமாட்டேன்" என்ற ஒரே சொல். அந்த ஒரு சொல்லுக்கு நாலு பக்கம் திட்டு வாங்கிய வசனகர்த்தா உலகத்திலேயே நான் ஒருத்திதான்.

இங்கே எங்கள் ஹாலில் இன்னொரு ரசிகரும் இந்தத் தொடரைத் தவறாமல் பார்க்கிறார். பெயர் சொல்லவில்லை, உறவும் சொல்லவில்லை, கிழிக்காதே. ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி நடத்தி ஓய்வு பெற்றவர். முப்பது வருடம் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து "பிரேக், பிரேக்" என்று தெருவே அதிரக் கத்தியவர். அவர் கருத்தைக் கீழே தருகிறேன். தொடரைப் பற்றியதுதான், நிபந்தனைக்கு உட்பட்டது.

"தூணன் கார் ஓட்டுற லட்சணத்தைப் பார்த்தியா? நாலு தெரு துரத்திக்கிட்டுப் போறான், ஒரு இடத்துலயாவது இண்டிகேட்டர் போட்டானா? இவன் ஊரைக் காப்பாத்தறதுக்கு முன்னாடி இவன்கிட்டயிருந்து ஊரைக் காப்பாத்தணும்."

தூணனைப் பாதியில் விடாதே. என் உழைப்பு அதில் இருக்கிறது.

அக்கா

*

பிப்ரவரி 5

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நீ நலமா என்று கேட்க வேண்டியதில்லை, குறும்பு செய்கிற அளவுக்குத் தெம்பு இருக்கிறது என்று தெரிகிறது.

ரசிகராம், ரசிகர். பின்வாசல் வழியாக ஆளைக் கூட்டிக்கொண்டு வருகிறாய். கிழிக்கக் கை போனது. கருத்து தொடரைப் பற்றியது என்பதால் விட்டேன். அவரிடம் சொல், உயிர் போகிற அவசரத்தில் இண்டிகேட்டர் போடுகிறவன் சூப்பர்ஹீரோ இல்லை, பயிற்சிப் பள்ளி மாணவன். எதிலும் அடுத்தவன் தப்பை மட்டும் பார்க்கிற கண் அவருக்கு. அது மாறாது.

தூணனை விட்டுவிட்டு "இரட்டை வானம்" பார்க்க ஆரம்பித்தேன். அதுவும் நீ தமிழாக்கியதுதான் என்று பெயர் போடும்போது தெரிந்துகொண்டேன். வயிறு எரிகிறது அக்கா. முதல் பகுதியில் நாயகனின் அம்மா செத்துப்போகிறாள். மூன்றாம் பகுதியில் இன்னொரு வானத்திலிருந்து அவளே நடந்து வருகிறாள், தலைமுடிகூடக் கலையவில்லை. மகனைப் பார்த்துச் சிரிக்கிறாள். இதை எழுதியவனுக்கு வீட்டில் சாவே விழுந்ததில்லையா? யாரும் சாகாத கதையில் யார் உயிரைக் காப்பாற்றி என்ன பயன்? செத்தவர்கள் வரமாட்டார்கள். அது தெரிந்தவன்தான் இருக்கிறவர்களுக்காக ஓடுவான். இந்த அயோக்கியர்கள் அந்த ஓட்டத்தையே இல்லாமல் செய்துவிட்டார்கள்.

அந்த அம்மா திரும்பி வந்து மகனைப் பார்த்து "கதை சொல்லு" என்கிறாள். அந்த வசனம் மூலத்தில் இருந்ததா, நீ எழுதினாயா? அங்கேயே தொலைக்காட்சியை அணைத்தேன்.

வேலைக்குக் கிளம்ப வேண்டும். ஒரு மருத்துவமனையில் இரண்டு லிப்ட் படுத்துவிட்டது. மருத்துவமனை வேலையென்றால் எனக்குப் பிடிக்காது என்று தெரிந்தும் என்னைத்தான் அனுப்புகிறார்கள்.

தம்பி

*

பிப்ரவரி 27

அன்புள்ள வாண்டு,

ஜுரம் வந்து ஐந்து நாள் படுத்துவிட்டேன், அதுதான் தாமதம். இப்போது பரவாயில்லை.

"கதை சொல்லு" நான் எழுதியதுதான். மூலத்தில் வேறு ஏதோ இருந்தது. அந்த அம்மாவுக்கு எழுதும்போது இரண்டு நாள் கை ஓடவில்லை. நடிகையின் உதடு அந்த இடத்தில் மூடவே இல்லை. எங்கள் தொழிலில் அதுதான் சட்டம். திரையில் உதடு ஒட்டும் இடத்தில் தமிழிலும் ப, ம போன்ற எழுத்து வர வேண்டும். ஒட்டாத இடத்தில் அவை வரக்கூடாது. "எப்படிப்பா இருக்க" என்று அவளைப் பேச வைக்க ஆசை, உதடு இடம் கொடுக்கவில்லை. கிடைத்ததை எழுதினேன். அது உன்னை ஏன் சுட்டது என்று நான் கேட்கவில்லை. நிபந்தனை.

பெரிய செய்தி, தூணன் படமாக வரப்போகிறது. "தூணன்: கடைசிச் சுவர்", ஜூலையில் வெளியீடு. தமிழ் வசனம் நான்தான். வில்லன் சாம்பலன், சண்டை போட்டுக்கொண்டு பிரிந்து போன தன் அப்பாவின் வீட்டு வாசலில் வந்து நிற்கிறான் என்பதோடு முன்னோட்டம் முடிகிறது. இணையத்தில் ஆளாளுக்கு அடித்துக்கொள்கிறார்கள். உள்ளே போவானா, வீட்டைக் கொளுத்துவானா என்று.

எங்கள் ஹால் ரசிகரின் கருத்து: "போகமாட்டான். ரோஷக்காரப் பய. வாசல் வரைக்கும் வந்துட்டுத் திரும்பிடுவான். எனக்குத் தெரியும்."

உன் கருத்தை எழுது. அதற்கு முன் ஒன்று. நீ பாதியில் விட்ட தொடரில் ஆறாம் பகுதியை மட்டுமாவது பார். எனக்காக. அடுத்த வாரம் வருகிறது.

அக்கா

*

மார்ச் 19

அக்காவுக்கு,

என் நலம் இருக்கட்டும். உன் நலத்தை நான் விசாரிக்கப் போவதில்லை.

நேற்று ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பில் பராமரிப்பு வேலை முடித்து, லிப்டுக்குள் நின்று மேலும் கீழும் ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஐந்தாவது மாடியில் பள்ளிச் சீருடையோடு இரண்டு பெண்கள் ஏறினார்கள். ஏதோ விளையாட்டுச் சண்டை. தரைத்தளம் வந்ததும் ஒருத்தி இறங்கிக்கொண்டே மற்றவளிடம் குரலைத் தடிமனாக்கிச் சொன்னாள்: "நீ செத்தா ஆள் அனுப்பு. அப்ப வரேன்." இரண்டும் விழுந்து விழுந்து சிரித்தன.

நான் கதவை மூடவிடாமல் காலை வைத்து, "எங்க கேட்ட அதை?" என்று கேட்டேன்.

"சாம்பலன் டயலாக் அங்கிள். ஆறாவது எபிசோட். அவங்கப்பாகிட்டச் சொல்லிட்டு வெளிய போவான். செம கெத்து. எங்க கிளாஸ்ல எல்லாருமே சொல்றோம்."

உன்னை என்ன செய்தால் தகும்?

அம்மா போன அன்று நம் ஹாலில் இருபது பேர் இருந்தார்கள். அத்தனை பேர் நடுவில் அந்த மனிதர் என்னைப் பார்த்துச் சொன்னார்: "பெத்தவ உயிரை விடறப்ப தியேட்டர்ல உக்காந்து பொம்மைப் படம் பாத்துக்கிட்டிருந்தவன் இவன்." நான் அந்த வரியைச் சொல்லிவிட்டு வெளியே போனேன். அதுவரை அவரை நீங்க என்றே கூப்பிட்டவன், அன்றுதான் நீ என்றேன். அந்தப் பாவத்தை இத்தனை வருடமாக நான் ஒருவன் சுமந்தேன். நீ அதை எடுத்து ஒரு வில்லன் வாயில் திணித்து, பள்ளிக்கூடப் பிள்ளைகள் விளையாடக் கொடுத்துவிட்டாய். பெயர் போடும்போது "வசனம்" என்று உன் பெயர் வருகிறது. வெட்கமாக இல்லை?

எவரிடமும் சொல்லாததை இப்போது சொல்கிறேன், கேட்டுக்கொள். அன்று நானாகப் போகவில்லை. ஆஸ்பத்திரி அறையில் நானும் அம்மாவும் மட்டும் இருந்தோம். தலையணைக்கு அடியிலிருந்து டிக்கெட்டை அவள்தான் எடுத்துக் கொடுத்தாள். "ஒரு மாசமா காத்துக்கிட்டிருந்த படம்டா. போய்ப் பார்த்துட்டு வந்து கதை சொல்லு. நீ சொன்னாதான் எனக்குப் புரியும்" என்றாள். சத்தம் போடக்கூடாது என்று தியேட்டரில் போனை அணைத்தேன். படம் முடிந்து வெளியே வந்து போட்டால் உன் அழைப்பு பதினேழு. இதை அன்று சொல்லியிருந்தால், செத்தவள் மேல் பழி போடுகிறான் என்றிருப்பார்கள். அதனால் சொல்லவில்லை. இரட்டை வானத்தில் நீ எழுதினாயே, கதை சொல்லு என்று. உனக்கு எப்படித் தெரிந்ததோ தெரியவில்லை.

உன் பதில் எனக்கு வேண்டாம்.

தம்பி

*

மார்ச் 28

அன்புள்ள வாண்டு,

நீ வேண்டாம் என்றாலும் எழுதுகிறேன். நலம்.

அம்மா எல்லோரிடமும்தான் கதை கேட்பாள். அந்த நினைப்பில் எழுதினேன். டிக்கெட் விஷயம் எனக்குத் தெரியாது. சத்தியமாகத் தெரியாது. நீ சொன்ன பிறகு ஒரு நாள் முழுக்க நான் வேலைக்கு உட்காரவில்லை.

ஆறாம் பகுதி வசனத்தைப் பற்றிக் கேட்டாய். அந்த இடத்தில் மூல வசனத்தில் இரண்டு தடவை உதடு மூடுகிறது. "அனுப்பு", "அப்ப" இரண்டும் அளவெடுத்ததுபோல உட்கார்ந்தன. உதடு பொருந்தியது, போட்டேன். அவ்வளவுதான்.

வேளைக்குச் சாப்பிடு.

அக்கா

*

ஏப்ரல் 7

அக்காவுக்கு,

நலம் விசாரிக்கும் நிலையில் நான் இல்லை.

ஆறாம் பகுதியைப் பார்த்தேன். ஒரு தரம் அல்ல, நாலு தரம். நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். அந்தக் காட்சியில் சாம்பலன் முகமூடி போட்டிருக்கிறான். நெற்றியிலிருந்து தாடை வரை சாம்பல் நிறத் தகடு. வாய் இருக்கும் இடத்தில் ஒரு கீறல்கூட இல்லை. அவன் அப்பாவோ முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறார். அந்தச் சட்டகத்தில் உதடு என்ற ஒன்றே கிடையாது. நீ நினைத்திருந்தால் அவனை வாய்ப்பாடு சொல்ல வைத்திருக்கலாம். யாருக்குக் காது குத்துகிறாய்?

உலகத்தில் எத்தனையோ வரி இருக்க, வேண்டுமென்றே என் வரியை எடுத்துப் போட்டிருக்கிறாய். நான் பார்க்க வேண்டும் என்று முன்கூட்டியே கெஞ்சியும் இருக்கிறாய், ஆறாம் பகுதி, எனக்காக என்று. ஏன்? என்னை அவமானப்படுத்தவா? அவரைக் குத்தவா?

இதற்கு மட்டும் நேராகப் பதில் சொல். உங்கள் ஹால் ரசிகர் அந்தப் பகுதியைப் பார்த்தாரா? பார்த்துவிட்டு என்ன சொன்னார்? ஒவ்வொரு கடிதத்திலும் அவர் கருத்தை அள்ளி விட்டாயே, இதற்கு மட்டும் ஏன் ஒரு வரியும் இல்லை? ஒன்றுமே சொல்லாமல் இருக்கிற ஆளா அவர்?

தம்பி

*

ஏப்ரல் 20

வாண்டு,

நேராகப் பதில் கேட்டாய். உட்கார்ந்து படி.

பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. போன ஆகஸ்டிலிருந்து அப்பா ஒன்றுமே சொல்லவில்லை. காலையில் ஷேவிங் செய்துகொண்டிருந்தவர் அப்படியே சரிந்தார். பக்கவாதம், வலது பக்கம் விழுந்துவிட்டது. நாம் பேசுவதெல்லாம் புரிகிறது, அவருக்குப் பேச வரவில்லை. வாய் அசைகிறது, சத்தம் இல்லை. தெருவே கேட்கக் கத்திய மனிதர் தண்ணீர் வேண்டுமென்றால் டம்ளரைத் தட்டுகிறார்.

ஏன் மறைத்தாய் என்று கேட்பாய், கேட்காதே. ஆகஸ்டில் எழுதினேன். கடிதத்தின் முதல் சொல்லே "அப்பாவுக்கு". பதினைந்து நாள் கழித்து உன்னிடமிருந்து உறை வந்தது. பதில் என்று நினைத்து, ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றபடியே பிரித்தேன். உள்ளே என் கடிதம் நாலு துண்டாக இருந்தது. முதல் சொல்லுக்கு மேல் நீ படிக்கவில்லை என்று புரிந்துகொண்டேன். போன் செய்தேன், என் எண்ணை எடுக்கவில்லை. அடுத்தவர் போனில் செய்தேன், குரலைக் கேட்டதும் வைத்துவிட்டாய். எனக்கும் ரோஷம் இருக்கிறதடா. உனக்கு மட்டும்தான் இந்த வீட்டில் கோபப்பட உரிமையா? தொடரைப் பற்றி மட்டும்தானே, இந்தா தொடர் என்று அப்பாவைத் தொடருக்குள் கொண்டுவந்தேன். நீ அதைக் கிழிக்கவில்லை.

இண்டிகேட்டர் கருத்து அவருடையது அல்ல. வாசல் வரை வந்து திரும்பிவிடுவான் என்பதும் அவருடையது அல்ல. எல்லாம் நான் எழுதியவை. அவர் உதடு அசையும்போது பார்த்துக்கொண்டே இருப்பேன், என்ன பொருந்துமோ அதை எழுதுவேன். தொழில் புத்தி. நீ அதற்குக் கோபப்பட்டுப் பதில் எழுதியபோது அதை அவருக்குப் படித்துக் காட்டினேன். மாணவன் என்று நீ எழுதிய வரிக்கு இடது கையால் நாற்காலியைத் தட்டினார்.

ஆறாம் பகுதியில் உன் வரியைப் போட்டது உனக்காகத்தான். முகமூடிக்கு உதடு இல்லை, எனக்கு வேண்டியதை எழுத இடம் கிடைத்தது. அன்று வீட்டில் நீ பேசியது ஒரு வில்லன் வாயில் எப்படி இருக்கிறது என்று நீயே ஒரு தரம் வெளியிலிருந்து கேட்க வேண்டும் என்று நினைத்தேன். கோபம் வந்தால்தான் நீ நிபந்தனையை உடைப்பாய். உடைத்தாய். அவரைப் பற்றி நீயாகவே கேட்டாய்.

இப்போது சொல்கிறேன். அவர் சாகவில்லை. நான் ஆள் அனுப்பவில்லை. வருகிறாயா?

அக்கா

*

மே 4

அக்கா,

வரமாட்டேன்.

உன் கடிதத்தை ஒரு கட்டடத்தின் உச்சியில், லிப்ட் மோட்டார் அறையில் உட்கார்ந்து படித்தேன். கீழே எல்லோரும் லிப்ட் எப்போது வரும் என்று மணி அடித்துக்கொண்டே இருந்தார்கள். அடிக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

ஆகஸ்டில் கிழித்தவன் நான்தான். அதை நினைத்தால் என் கையை நானே உடைக்கலாம் போலிருக்கிறது. அதற்காக நீ செய்தது சரியாகிவிடாது. இத்தனை மாதம் நீ எழுதிய வசனத்துக்கு நான் பதில் எழுதிக்கொண்டிருந்தேன். அடுத்தவன் தப்பை மட்டும் பார்க்கிற கண் என்று வாயில்லாத மனிதரைத் திட்டினேன், நீ அதை அவருக்குப் படித்தும் காட்டியிருக்கிறாய். உங்கள் டப்பிங் தியேட்டரில் வேண்டுமானால் இதற்குக் கைதட்டுவார்கள்.

வந்து என்ன செய்வது? என்னைப் பார்த்ததும் கத்துவார், நானும் கத்துவேன், அப்புறம் யாராவது தண்ணீர் கொடுப்பார்கள். இப்படித்தான் ஐந்து வருடமாக நினைத்து வைத்திருந்தேன். இப்போது அவரால் திட்டக்கூட முடியாது. திட்டாத அப்பாவுக்கு முன்னால் எந்த முகத்தோடு நிற்பேன்? பயமாக இருக்கிறது அக்கா. போதுமா?

இனி "அப்பா சொன்னார்" என்று எதையும் எழுதாதே. நம்பமாட்டேன். வா என்று நீ கூப்பிடுவது அவர் கூப்பிடுவது ஆகாது. அவர் என்னைக் கூப்பிடவில்லை. கூப்பிடாத வீட்டுக்கு நான் வருவதாக இல்லை.

தம்பி

*

ஜூன் 17

அன்புள்ள வாண்டு,

நலம். நீயும் அப்படியே இருப்பாய் என்று நினைத்துக்கொள்கிறேன். மே மாதம் இரண்டு கடிதம் போட்டேன், இரண்டுக்கும் பதில் இல்லை. துண்டாகத் திரும்பி வரவும் இல்லை. அதுவே முன்னேற்றம்.

தூணன் படத்துக்கு வசனம் முடிந்தது. சாம்பலன் அப்பாவின் வாசலில் நிற்கும் காட்சியில் மறுபடியும் முகமூடி. எதை வேண்டுமானாலும் எழுதலாம். உன்னிடம் கேட்டு எழுதலாம் என்று நினைத்து, பிறகு வேண்டாம் என்று விட்டேன். மூலத்தில் இருப்பதை அப்படியே தமிழாக்கிக் கொடுத்துவிட்டேன். அது என்னவென்று சொல்லமாட்டேன், படம் வந்தால் பார்த்துத் திட்டு.

உன் மே நாலாம் தேதிக் கடிதத்தை அப்பாவுக்கு முழுவதும் படித்துக் காட்டினேன். பயமாக இருக்கிறது என்று நீ எழுதியதையும் விடவில்லை. அன்று சாயங்காலம் பேச்சுப் பயிற்சி கொடுக்க வரும் பெண்மணியிடம் சுவரில் எழுதுவதுபோலச் சைகை காட்டினார். மார்ச்சிலிருந்தே அவர் அப்பாவை இடது கையால் எழுதப் பழக்கிவருகிறார், அதுவரை அப்பா கோடும் வட்டமும்தான் போட்டுக்கொண்டிருந்தார்.

இதோடு ஒரு உறை இருக்கிறது. உள்ளே என்ன என்று எனக்குத் தெரியாது. நான் எட்டிப் பார்க்கப் போனபோது காகிதத்தை மார்போடு மறைத்துக்கொண்டு முறைத்தார். பழைய முறைப்பு. உறையை ஒட்டியதும் அவர்தான், கோணலாக ஒட்டியிருப்பதைப் பார்த்தாலே தெரியும். இதில் ஒரு எழுத்துகூட என்னுடையது இல்லை.

அக்கா

*

வாண்டுக்கு,

அப்பா எழுதுவது. இடது கை. எழுத்து இப்படித்தான் இருக்கும், பழகிக்கொள். இதை எழுத ஒன்பது நாள் ஆனது.

உடம்பு பாதி நலம்.

உன் அக்கா என் பெயரில் எழுதியதெல்லாம் பொய். தூணன் எனக்குப் பிடிக்கவில்லை. கார் துரத்தல் மட்டும் பிடிக்கும். அதில் எவன் இண்டிகேட்டர் போடுவான்? லிப்ட் விஷயத்தில் நீ சொன்னதுதான் சரி.

ஆறாம் பகுதி பார்த்தேன். அந்த டப்பிங்காரனுக்குச் சரியாக வரவில்லை. நீ சொன்னபோது குரல் உடைந்தது.

அன்று உன்னைப் படத்துக்கு அனுப்பியது உன் அம்மா. நான் கதவுக்கு வெளியேதான் நின்றேன். கதை சொல்லு என்றது எனக்கும் கேட்டது. தெரிந்தேதான் இருபது பேர் முன்னால் உன்னைச் சொன்னேன். அவள் கடைசியாக உன்னிடம் கேட்டாள், என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. அந்த ஆத்திரம்.

அந்தப் படத்தின் கதை எனக்குத் தெரியாது. நீ யாருக்கும் சொல்லவில்லை.

நான் இன்னும் சாகவில்லை. இருந்தாலும் வா.

அப்பா